அரக்கேரியா: இயல்பறிந்து வளர்க்கும் முறையும் பயன்களும்

நேராக எழும் ஒற்றைத் தண்டு, அதன் ஒரே மட்டத்திலிருந்து நாற்புறமும் விரியும் கிளைகள், சிறிது இடைவெளி விட்டு அதற்கு மேல் அதே போன்ற இன்னோர் அடுக்கு என்று வளர்ந்துகொண்டே போகும் அரக்கேரியா, அழகுக்காக வளர்க்கப்படும் பசுமை மாறா ஊசியிலை மரங்களுள் உலகெங்கும் பரவலாகக் காணப்படுவது. நாற்றுப்பண்ணைகளில் பெரும்பாலும் கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயரிலேயே இது விற்கப்படுகிறது. நார்ஃபோக் தீவுப் பைன் என்றும் இதைச் சொல்வார்கள். தாவரவியல் பெயர் அரக்கேரியா ஹெட்டிரோஃபில்லா. பெயரில் பைன் இருந்தாலும் இது பைன் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. பெரும்பாலும் தென் அரைக்கோளத்தில் வாழும் அரக்கேரியேசி என்ற மிகப் பழமையான குடும்பத்தைச் சேர்ந்தது.

இம்மரத்தை வளர்க்க விரும்புவோர் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: இதன் வடிவம் ஒரு முறைதான் உருவாகிறது. காய்ந்து விழுந்த கீழ்க்கிளை அதே இடத்தில் மீண்டும் துளிர்ப்பதில்லை. நுனிக்குருத்து ஒடிந்துவிட்டால், பக்கத்திலிருந்து ஒன்றோ பலவோ புதுத் தளிர்கள் கிளம்பக்கூடுமே தவிர, முன்பிருந்த சீரான உச்சி திரும்புவதில்லை. செம்பருத்தியையோ குரோட்டன்சையோ போல வெட்டியும் கிள்ளியும் பின்னாளில் திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்துடன் இதை வாங்குபவர், ஓரிரு ஆண்டுகளில் அடிப்பகுதி மொட்டையாகி, உச்சியில் மட்டும் பசுமை தங்கிய ஒரு கழியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இடம் தேர்வது, ஒளி தருவது, நீர் ஊற்றுவது என்று கீழே கூறப்படுபவை எல்லாமே இருக்கும் கிளைகளை இழக்காமல் காப்பதையே நோக்கமாகக் கொண்டவை.

பிறப்பிடமும் இயல்பும்

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, நியூசிலாந்துக்கும் நியூ கலிடோனியாவுக்கும் இடைப்பட்ட பசிபிக் கடற்பரப்பில் உள்ள நார்ஃபோக் தீவே இம்மரத்தின் தாயகம். ஏறக்குறைய 35 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தீவிலும் அதையொட்டிய சிறு தீவுகளிலும் மட்டுமே இது இயற்கையாக வளர்ந்தது. அங்கே உறைபனி கிடையாது, கடுங்கோடையும் கிடையாது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதும் 28 டிகிரிக்கு மேலே ஏறுவதும் அரிது. கடற்காற்று ஆண்டு முழுவதும் ஈரத்தையும் உப்பையும் சுமந்து வரும். எரிமலைப் பாறையிலிருந்து உருவான மண்ணில் நீர் தேங்காமல் வடிந்துவிடும். மிதமான வெப்பம், நிறைந்த ஒளி, ஈரக்காற்று, நல்ல வடிகால் ஆகிய நான்கையும் இம்மரம் எங்கே போனாலும் எதிர்பார்ப்பதற்கு இதுவே காரணம்.

ஜேம்ஸ் குக் தமது இரண்டாம் கடற்பயணத்தின்போது, 1774 அக்டோபரில், இத்தீவைக் கண்டார். நெடிதுயர்ந்து நின்ற மரங்களைப் பார்த்து, கப்பலின் பாய்மரங்களுக்கு இவை உகந்தவை என்று அவர் கருதினார். 1788இல் ஆங்கிலேயர் அங்கே குடியேற்றம் அமைத்ததற்கு இந்த எதிர்பார்ப்பும் ஒரு காரணம். வெட்டிப் பயன்படுத்த முற்பட்டபோது, பாய்மரத்துக்கு வேண்டிய உறுதியும் வளைந்துகொடுக்கும் தன்மையும் இதற்கு இல்லை என்பது தெரியவந்தது. கிளைகள் ஒரே மட்டத்தில் வட்டமாகக் கிளம்புவதால், மரத்துக்குள் கணுக்களும் அதே மட்டத்தில் வளையமாக அமைந்துவிடுகின்றன. நீண்ட கழி வேண்டுவோருக்கு அது குறைதான். கடைசல் வேலை செய்வோருக்கு அதுவே அழகு. அதைப் பின்னர்க் காண்போம்.

தாயகத்தில் 50 முதல் 65 மீட்டர் வரை இம்மரம் உயர்கிறது. வீட்டுக்குள் தொட்டியில் வளரும்போது இரண்டு மூன்று மீட்டரைத் தாண்டுவது அரிது. அந்த உயரத்தை எட்டவும் பல ஆண்டுகள் ஆகும். ஓர் அடுக்கில் பெரும்பாலும் 4 முதல் 7 கிளைகள் இருக்கும். இளமரத்தின் இலைகள் ஒரு சென்டிமீட்டர் அளவில், ஊசி வடிவில், தொடுவதற்கு மென்மையாக இருக்கும். மரம் முதிர முதிர இலைகள் தடித்துச் சுருங்கி, செதில்கள்போல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளையோடு படிந்துவிடும். தொட்டியிலுள்ள கன்றையும் கடற்கரையில் நிற்கும் முதிய மரத்தையும் அருகருகே வைத்துக் காட்டினால், இரண்டும் ஒரே இனம் என்று பலர் நம்பமாட்டார்கள். இலைகள் ஒவ்வொன்றாக உதிர்வதில்லை. இலைகளைத் தாங்கிய சிறு கிளைகளே காய்ந்து முழுதாக விழும். முதிர்ந்த மரத்தில் மட்டுமே விதைக்கூம்புகள் தோன்றும். ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையான பெண் கூம்பு, 18 மாத அளவில் முற்றி, மரத்திலேயே உடைந்து, இறக்கையுள்ள விதைகளைச் சிதறவிடும்.

எந்த மரம் என்று அறிதல்

நார்ஃபோக் தீவுப் பைன் என்று விற்கப்படும் கன்றுகளில் பல, உண்மையில் அதன் நெருங்கிய உறவான குக் பைன், அதாவது நியூ கலிடோனியாவைத் தாயகமாகக் கொண்ட அரக்கேரியா காலம்னாரிஸ். கன்றுப் பருவத்தில் இவ்விரண்டையும் வேறுபடுத்துவது தேர்ந்தவர்களுக்கே கடினம் என்பதால், வாங்குபவர் இதற்காக அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. தொட்டியில் இரண்டுக்கும் ஒரே பராமரிப்புத்தான். நிலத்தில் நடுவோருக்கு மட்டும் வேறுபாடு முக்கியமானது. நார்ஃபோக் பைன் அகன்ற கோபுர வடிவில், அடுக்குகளுக்கு இடையே தெளிவான இடைவெளியுடன் வளரும். குக் பைன் குறுகிய தூண்போல வளர்ந்து, நீண்ட கிளைகளை உதிர்த்துவிட்டுத் தண்டிலிருந்தே குட்டையான புதுக்கிளைகளை விடும். அதன் பட்டையும் மெல்லிய கீற்றுகளாக உரியும்.

குக் பைனுக்கு ஒரு விந்தையான பழக்கமும் உண்டு. ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, அவை நிலநடுக்கோட்டை நோக்கிச் சராசரியாக 8.55 டிகிரி சாய்ந்திருப்பதைக் காட்டியது. வட அரைக்கோளத்தில் தெற்கு நோக்கியும் தென் அரைக்கோளத்தில் வடக்கு நோக்கியும் அவை சாய்கின்றன. சாலையோரத்தில் வரிசையாக நட்டவை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், நட்டவர்மீது பழி போடுவதற்கு முன் மரம் எது என்று பார்ப்பது நல்லது.

கன்றைத் தேர்ந்தெடுத்தல்

அடியிலிருந்தே கிளைகள் உள்ள கன்றையே வாங்க வேண்டும். கீழ் அடுக்கு இல்லாத கன்றை, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொன்னாலும், அந்த இடம் என்றைக்கும் வெறுமையாகவே இருக்கும். நுனிக்குருத்து முறியாமல், ஒன்றே ஒன்றாக, நிமிர்ந்து இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிளைகளை மெதுவாக உலுக்கினால் பச்சையான துணுக்குகள் உதிருமானால் வேர் பாதிக்கப்பட்டிருக்கலாம். விழாக் காலத்தில் கிளைகளின்மீது பச்சை வண்ணமோ மினுமினுப்புத் தூளோ தெளித்து விற்பதுண்டு. அவை இலைகளுக்கு வரும் ஒளியைத் தடுத்து மூச்சையும் அடைப்பதால், அத்தகைய கன்றைத் தவிர்ப்பதே முறை.

பல தொட்டிகளில் அடர்த்தியாகத் தெரிவதற்காக மூன்று முதல் ஐந்து கன்றுகளை ஒன்றாக நட்டிருப்பார்கள். வீட்டுக்குள் அலங்காரமாக வைப்பதற்கு அது பார்வையாகவே இருக்கும், அப்படியே விட்டுவிடலாம். ஒற்றை மரமாக நிலத்தில் வளர்க்க நினைப்பவர் மட்டும், பின்னிக்கிடக்கும் வேர்களைப் பிரிக்க முயல்வதைக் காட்டிலும், வலுவான ஒரு கன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை மண்மட்டத்தில் வெட்டிவிடுவது பாதுகாப்பானது. பிரித்து நடும்போது எல்லாக் கன்றுகளுமே பட்டுப்போகும் வாய்ப்பு உண்டு.

ஒளியும் இடமும்

தொட்டி மரங்கள் கெடுவதற்கு ஒளிக்குறைவே முதல் காரணம் என்பேன். அறையின் மூலையில் அழகாக இருக்கிறது என்று வைத்தால், சில மாதங்களில் கிளைகள் நீண்டு தொங்கத் தொடங்கும். அடுக்குகளுக்கு இடைப்பட்ட தூரம் அதிகரிக்கும். பின்னர் கீழ்க்கிளைகள் மஞ்சளாகிக் காய்ந்துவிடும். காலை வெயில் படும் சன்னலருகே, நாளின் பெரும்பகுதி வெளிச்சம் கிடைக்கும் இடமே இதற்கு உரியது. நடுப்பகல் வெயில் கண்ணாடி வழியே நேரடியாக விழுந்தால், மெல்லிய திரைச்சீலையால் அதைத் தணிக்கலாம்.

ஒளி வரும் பக்கமே மரம் சாயும் என்பதால், வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைக்க வேண்டும். சிறிய வேலையாகத் தோன்றும் இதைச் செய்யாமல் விட்டவர்களின் மரம், பின்னர் எவ்வளவு முயன்றாலும் நேராவதில்லை. வீட்டுக்குள் நிழலில் இருந்த மரத்தை ஒரே நாளில் வெட்டவெளி வெயிலுக்குக் கொண்டுபோகவும் கூடாது, இலைகள் கருகிவிடும். முதலில் மர நிழலிலும், பிறகு காலை வெயில் மட்டும் படும் இடத்திலும் வைத்து, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகப் பழக்க வேண்டும். கதவு, நடைபாதை ஆகியவற்றை ஒட்டி வைத்தால் போவோர் வருவோர் உரசி இளநுனிகள் கருகுவதுண்டு. அறைக் குளிரூட்டியின் காற்றோ சூடேற்றியின் காற்றோ நேரே படும் இடமும் ஆகாது. இரவு வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போகும் ஊர்களில் தொட்டியை உள்ளே எடுத்துவைப்பது நல்லது. உறைபனி இளமரத்தைக் கொன்றுவிடக்கூடும்.

நீரும் காற்றின் ஈரமும்

தொட்டி மண்ணில் விரலை இரண்டு சென்டிமீட்டர் அளவு நுழைத்துப் பார்த்து, மேல்மண் உலர்ந்திருந்தால், அடித்துளை வழியே நீர் வடியும்வரை ஊற்ற வேண்டும். வடிந்த நீரைத் தட்டில் தேங்கவிடக் கூடாது. நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்றும் பழக்கம் இம்மரத்துக்குப் பொருந்தாது. மேல்மண் எப்போதும் சதசதவென்றும் அடிமண் வறண்டும் கிடக்கும். இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்துக்கொள்வதும் பயனற்றது, ஏனெனில் தொட்டியின் அளவு, பருவம், வெளிச்சம் ஆகியவற்றைப் பொறுத்து மண் உலரும் வேகம் மாறிக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நீர் குறைந்தாலும் கிளைகள் காய்கின்றன. நீர் மிகுந்து வேர் அழுகினாலும் கிளைகள் காய்கின்றன. பார்ப்பதற்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், காய்ந்த கிளையைக் கண்டவுடன் நீரூற்றுவது பெரும்பாலோரின் வழக்கம். முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மண் ஈரமாக இருந்தும் கிளைகள் வாடினால், நீரை நிறுத்தி, கன்றைத் தொட்டியிலிருந்து மெல்ல வெளியே எடுத்து, வேர் கறுத்து மெதுமெதுவென்று இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான வழி. மண்ணும் வேரும் நலமாக இருந்து, கிளைநுனிகள் மட்டும் பழுப்பாகும்போது வறண்ட காற்றையே ஐயுற வேண்டும். கூழாங்கற்களும் நீரும் உள்ள தட்டின்மேல் தொட்டியை வைப்பதும், மற்றச் செடிகளுடன் சேர்த்து வைப்பதும், காலையில் இலைகளின்மீது நீர் தெளிப்பதும் ஓரளவு உதவும். மிக வறண்ட அறைகளில் ஈரப்பதமூட்டும் கருவியே உண்மையான தீர்வு.

மண், தொட்டி, உரம்

சிறிது அமிலத்தன்மை உள்ள, நீர் எளிதில் வடியும் மண் வேண்டும். செம்மண் அல்லது தோட்டமண் ஒரு பங்கு, மணல் அல்லது பெர்லைட் (நீர் வடிய உதவும் எடையற்ற வெண்துகள்) ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்து ஒரு பங்கு என்ற கலவை போதுமானது. வேர்கள் மென்மையானவை என்பதால் அடிக்கடி தொட்டி மாற்றக் கூடாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் வேர்கள் அடித்துளை வழியே எட்டிப்பார்க்கும்போது, முன்னதைவிட ஓர் அளவு மட்டுமே பெரிய தொட்டிக்கு மாற்றலாம். மரம் உயரமானது, வேர்த்தொகுதி சிறியது என்பதால் தொட்டி கனமானதாக இருக்க வேண்டும்.

உரத்தேவை குறைவு. தளிர்விடும் பருவத்தில் மட்டும், நீரில் கரையும் பொது உரத்தைப் பொதியில் குறிப்பிட்ட அளவில் பாதியாகக் குறைத்து, ஓரிரு மாதங்களுக்கு ஒருமுறை தரலாம். புதிதாக வாங்கிய கன்றுக்கோ, தொட்டி மாற்றிய கன்றுக்கோ சில மாதங்கள் எதுவும் தரவேண்டாம்.

நிலத்தில் நடுதல்

தொட்டியில் இடுப்பளவு நிற்கும் மரம், நிலத்தில் நட்டால் பல மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு வளரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கட்டடத்திலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் குறைந்தது எட்டு மீட்டர் தள்ளி, தலைக்கு மேல் எதுவும் இல்லாத இடத்தில் நட வேண்டும். இடம் போதாது என்று பின்னாளில் உச்சியை வெட்டினால், மரத்தின் அழகு போவதோடு, வெட்டிய இடத்திலிருந்து போட்டியாகக் கிளம்பும் தண்டுகள் பலவீனமான பிணைப்புடன் வளர்ந்து, காற்றில் முறியும் ஆபத்தும் ஏற்படும். சிறு மனைகளில் இதை நடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பெரும் புயல் அடிக்கும் கரையோரங்களில், கடற்காற்றைத் தாங்கும் இம்மரமும் முறிவதும் சாய்வதும் உண்டு.

பெருக்கும் முறை

விதைகள் விரைவில் முளைப்புத்திறனை இழந்துவிடும் என்பதால், கூம்பிலிருந்து உதிர்ந்த புது விதையையே விதைக்க வேண்டும். மணல் கலந்த ஈரமான கலவையில், கூர்முனை கீழ்நோக்கி இருக்குமாறு பாதியளவு புதைத்து, நிழலில் வைத்தால் சில வாரங்களில் முளைவிடும்.

தண்டுத் துண்டு நடுவோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பக்கக்கிளையை வெட்டி நட்டால் வேர் பிடித்துவிடும். ஆனால் அது தான் கிளை என்பதை மறப்பதே இல்லை. ஆண்டுகள் பல ஆனாலும் தரையோடு தரையாகப் பக்கவாட்டிலேயே படர்ந்து வளரும், நிமிர்ந்த மரமாகாது. நேரான மரம் வேண்டுமானால் நுனிக்குருத்தையே வெட்டி நடவோ, அதில் விண்பதியம் போடவோ (மரத்திலிருக்கும்போதே பட்டையைச் சீவி, ஈரப்பொருள் கட்டி வேர்விடச் செய்யவோ) வேண்டும். தாய் மரத்தின் அழகைப் பலியிட்டுத்தான் இதைச் செய்ய முடியும் என்றாலும், உச்சி போன தாய் மரத்தின் தண்டிலிருந்து கிளம்பும் நிமிர்ந்த தளிர்களையும் அவ்வாறே பயன்படுத்தலாம் என்பதால், ஏற்கெனவே உச்சி முறிந்து உருக்கெட்ட மரத்தைத் தாயாக வைத்துக்கொள்வது அறிவுடைமை.

பூச்சிகளும் ஒரு கடற்கரையின் கதையும்

வறண்ட அறைகளில் சிலந்திப்பேன்களும், காற்றோட்டமில்லாத இடங்களில் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் தாக்கும். தொடக்கத்திலேயே கண்டால், நீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவதும், ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைப்பதும் போதும். வேப்பெண்ணெய்க் கரைசலை முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து, சில நாள் பார்த்த பிறகே மரம் முழுவதற்கும் தெளிக்க வேண்டும்.

சோப்புக் கரைசலில் எச்சரிக்கை தேவை. சிட்னி நகரக் கடற்கரைகளில் வரிசையாக நின்ற நார்ஃபோக் பைன்கள் 1960களிலும் 1970களிலும் கடலைப் பார்த்த பக்கமாகக் கருகிச் சாகத் தொடங்கின. உப்புக்காற்றையே உண்டு வாழும் மரம் கடற்கரையில் சாவானேன் என்று ஆராய்ந்தபோது, கழிவுநீரோடு கடலில் கலந்த சலவைப் பொருள்களின் வேதிக்கூறுகள் அலைத்திவலைகளுடன் காற்றில் வந்து படிந்ததும், அவை இலைகளின் மெழுகுப் படலத்தைக் குலைத்ததும், அதன்பின் உப்பு உள்ளே ஊடுருவியதும் தெரியவந்தன. இம்மரத்தின் உப்புத்தாங்கும் ஆற்றல் பெரிதும் அந்த மெல்லிய படலத்தைச் சார்ந்திருக்கிறது. ஆகவே பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து அடிக்கடி தெளிக்கும் பழக்கத்தை, குறிப்பாகக் கடலோரத்தில் வளர்ப்பவர்கள், அறவே விட்டுவிட வேண்டும்.

பயன்கள்

கடற்கரைச் சாலைகளிலும் பூங்காக்களிலும் காற்றுத்தடுப்பாகவும் வரிசை மரமாகவும் நடுவதே இதன் பெரும்பயன். ஆஸ்திரேலியாவில் சிட்னியின் மேன்லி, பெர்த்தின் காட்டெஸ்லோ ஆகிய கடற்கரைகள் இம்மரங்களாலேயே அடையாளம் காணப்படுகின்றன. நார்ஃபோக் தீவின் கொடியின் நடுவில் இருப்பதும் இம்மரமே. இத்தனை நாடுகளில் நடப்பட்டிருந்தும், தாயகத்தில் இது அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளது.

வெட்டிய மரத்தை விழாவுக்குப்பின் எறிவதைவிடத் தொட்டி மரத்தை ஆண்டுதோறும் அலங்கரிப்பது மேல் என்று கருதுவோருக்கு, அரக்கேரியா நல்ல தேர்வு. இதன் கிளைகள் மெலிந்தவை என்பதால் காகித நட்சத்திரம் போன்ற எடையற்ற பொருள்களையே தொங்கவிட வேண்டும். வெப்பம் வெளிவிடும் பழைய விளக்குகளுக்குப் பதிலாக எல்இடி விளக்குகளைச் சுற்ற வேண்டும். அலங்கரித்த நாள்களிலும் மரத்தைச் சன்னலருகிலேயே வைப்பது நல்லது. நாயும் பூனையும் இலைகளை மென்றால் வாந்தி எடுக்கக்கூடும் என்பதால், அவற்றுக்கு எட்டாத உயரம் வேண்டும்.

மரவேலையில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. ஹவாய்த் தீவுகளின் கடைசல் கலைஞர்கள், கிளையடுக்கு வரும் மட்டத்தை நடுவில் வைத்துத் தண்டைக் கடைந்து கிண்ணங்கள் செய்கிறார்கள். கணுக்கள் அனைத்தும் ஒரே வட்டத்தில் அமைவதால், கிண்ணத்தின் சுற்றுச்சுவரில் செம்பழுப்பு நிறக் கணுக்கள் சம இடைவெளியில் வரிசையாக வந்து நிற்கும். சுவரை மிக மெல்லியதாகக் கடைந்து எண்ணெயில் ஊறவைத்து மெருகேற்றினால், மரத்தின் ஊடே ஒளி ஊடுருவும் அளவுக்கு அது கண்ணாடித்தன்மை பெற்றுவிடும். முற்றத்தில் நின்ற அரக்கேரியாவை வெட்ட நேர்பவர்கள், அதைத் துண்டுபோடும்போது அடுக்குகளின் குறுக்கே அறுக்காமல், இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் அறுத்து, கணுவளையம் ஒவ்வொரு துண்டின் மையத்திலும் முழுமையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால், விறகாகப் போயிருக்கக்கூடிய மரத்தைக் கடைசல்காரர்கள் விரும்பி வாங்கிக்கொள்வார்கள். வெட்டிய பச்சைமரம் விரைவில் பூஞ்சணம் பிடித்து நிறம் மாறும் என்பதால், முனைகளில் மெழுகு பூசி நிழலில் அடுக்கி வைக்க வேண்டும்.